அத்தான் வெட்டிய பிசிறு

என் அத்தானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்று சொல்வேன். குடிக்கமாட்டார். என் அக்காவை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. முப்பத்தொரு வருஷ வேலையில் அளவு தப்பி ஒரு துணி வெட்டியதில்லை. நாலாவதுக்கு நான் வாயைத் திறப்பதில்லை, திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்.

சீருடை தைக்கும் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். இருபது அடி மேசையில் துணியை எண்பது, நூறு அடுக்காக விரிப்பார்கள். மேல் அடுக்கில் அட்டைப் பேட்டர்னை வைத்துச் சாக்பீஸால் கோடு இழுத்து, அந்தக் கோட்டின்மேல் மிஷின் கத்தியை ஓட்ட வேண்டும். கத்தி ஒரு நூல் விலகினால் நூறு சட்டைக்கும் ஒரே நேரத்தில் தோள் கோணிவிடும். அதனால் அவருக்கு உலகத்தில் எல்லாமே கோடுதான். இடுப்பில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேலைச் செருகியிருப்பார். கம்பெனியில் அவருக்குப் பெயரே ‘ஸ்கேல்’. ஒரு தடவை முதலாளியே மறந்துபோய், “அந்த ஸ்கேலைக் கூப்பிடு” என்று சொல்ல, இவரும் போய் நின்றிருக்கிறார்.

வீட்டிலும் அதே கதைதான். ரொட்டியை வெட்டினால் துண்டுகள் அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். புது சோப்பை இரண்டாக வெட்டித்தான் எடுப்பார், இரண்டு பாதியும் ஒரே எடை இருக்கும். “உங்க அத்தான் தும்மினாக்கூட நேர்கோட்டுலதான் தும்முவார்” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். அவள் அவருடன் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. புகழ்ந்தும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வருகிறவர்கள்போல ஒரு வீட்டில் இருந்தார்கள்.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். அதே கம்பெனியில் பட்டன் வைக்கும் பிரிவில் இருந்தாள், அங்கேதான் இருவருக்கும் பேச்சு ஆரம்பித்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அடுத்தது பிறந்தது, பெண் குழந்தை. ஒரு பகல், ஓர் இரவு உயிரோடு இருந்தது. அதற்குப் பிறகு டாக்டர் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

அடுத்தடுத்து வருஷங்கள் ஓடின. நாற்பது வயது தாண்டிய பிறகு, ஒரு நாள் தனியாகப் போய் ஒரு செடி வாங்கி வந்தாள். கார்டேனியா. இடுப்புயரத்துக்குப் புதராக வளரும், எண்ணெய் தடவினது மாதிரி இலை பளபளக்கும். பூ வெள்ளையாக அடுக்கடுக்காக இருக்கும். வாசனை மல்லிகையைவிடக் கனமானது, ஒரு பூ இருந்தால் அறை முழுக்க நிற்கும். வாங்கும்போது செடியில் ஒரே ஒரு பூ இருந்தது. பையோடு மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தாளாம், பக்கத்தில் இருந்த அம்மாள் இறங்கும் இடத்தைத் தவறவிட்டு வாசனை பிடித்துக்கொண்டே வந்தாளாம். என்னிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

வீட்டுக்கு முன்னால் கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் எட்டு அடி மண் உண்டு. அங்கே வைத்தாள். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தது, அது ஒத்துக்கொள்ளாமல் இலை மஞ்சளானது. வாளி வாளியாக மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றினாள். டீத்தூள் சக்கையைக் காயவைத்து மண்ணில் கலந்தாள். மாவுப்பூச்சி வந்தபோது சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வோர் இலையாக, முன்பக்கம் பின்பக்கம் துடைத்தாள். ஒரு பிள்ளைக்குச் செய்வதுபோல் என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், அவள் காதுபடவே சொன்னார்கள்.

செடி செழித்தது. பூக்கவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், ஐந்து வருஷம். மொத்தம் பன்னிரண்டு வருஷம் ஒரு பூ இல்லை.

கதையை ஒளித்து வைத்துச் சொல்ல எனக்கு வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். காரணம் என் அத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்ததும் அவர் செய்யும் முதல் வேலை அந்தச் செடியை வெட்டுவது. இரண்டு குச்சி நட்டு நூல் கட்டுவார், ஸ்கேலை வைத்துப் பார்ப்பார், துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலால் நாலு பக்கமும் மேல்தட்டும் வெட்டுவார். செடி பச்சைப் பெட்டிபோல நிற்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் புதிதாகக் கூர்மையாக ஏதாவது எட்டிப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. “பிசிறு” என்பார். தைத்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலுக்குக் கம்பெனியில் அதுதான் பெயர். பிசிறோடு ஒரு சட்டை வெளியே போனால் அவருக்கு அவமானம். அந்தச் செடிக்கு மொட்டு வைப்பது கிளையின் நுனியில்தான். பன்னிரண்டு வருஷம், வாரம் தவறாமல், பூக்க வேண்டியதையெல்லாம் பிசிறு என்று வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறார்.

வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்கும் தெரியும். “வெட்ட வெட்டத்தான் தழைக்கும்” என்று அவரும் நம்பினார், அக்காவும் நம்பினாள். குப்பையைக் கூட்டி அள்ளியதே அவள்தான். வேறொரு கட்டிங் மாஸ்டர் வீட்டில் இருந்திருந்தாலும் அந்தச் செடிக்கு இதே கதிதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அக்கா காரணத்தைத் தேடி வேறு இடத்துக்குப் போய்விட்டாள். குறை தன் கையில் என்று முடிவு கட்டிவிட்டாள். ராசியில்லாத கை. முதலில் விளையாட்டாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல மெல்ல அது பழக்கமாகிவிட்டது. புது வீடு போகிறவர்களுக்குப் பரிசு வாங்குவாள், அத்தான் கையால் கொடுக்கச் சொல்வாள். என் மகள் பரீட்சைக்குப் போகும்போது புதுப் பேனா வாங்கி வைத்திருப்பாள், “பெரியப்பா மேசையில இருக்கு, நீயே எடுத்துக்கோ” என்பாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் ஓடி வந்தால் சேலைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொள்வாள். நாங்கள் அதைக் கூச்சம் என்று நினைத்தோம். இத்தனை வருஷம் கூடப் பிறந்தவளாக இருந்து நான் கவனித்த லட்சணம் இது.

போன வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. கணையத்தில் கட்டி. அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நாலு நாள், ஆஸ்பத்திரியில் பத்து நாள் என்று ஆனது, கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். எட்டாம் நம்பர் கட்டில். ஜன்னலைத் திறந்தால் எதிரே தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுச் சுவர், வேறொன்றும் தெரியாது.

அத்தான் பழுது சொல்ல முடியாதபடி பார்த்துக்கொண்டார். ஃபிளாஸ்க் கழுவுவார், முதுகைத் துடைத்துவிடுவார், போர்வையின் விளிம்பைக் கட்டிலோடு நேராக இழுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில்தான். செடிக்குக் காலையில் அவசரமாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதோடு சரி. கத்தரிக்கோல் ஆணியில் தொங்கியது. ஆறு மாதம் அந்தச் செடியை யாரும் வெட்டவில்லை.

வெயில் ஏற ஆரம்பித்தபோது அது பூத்தது.

அன்று காலை நடந்ததை அவர் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவைத் திறந்ததும் வாசனை. செடி கோடெல்லாம் மீறி நாலு பக்கமும் வளர்ந்திருந்தது, நடுவில் ஒரு பூ, சுற்றிலும் பதினாலு மொட்டு. எண்ணிப் பார்த்திருக்கிறார், எண்ணாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம்ப முடியாமல் இரண்டு தெரு தள்ளி இருந்த நர்சரிக்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

“சார், வெட்டுறத நிறுத்திட்டீங்களா?” என்றாராம் நர்சரிக்காரர்.

“ஆமா. ஆறு மாசமாச்சு.”

“அதான். இது நுனியில மொட்டு வைக்கிற சாதி. நுனிய வெட்டினா பூ எங்கேருந்து வரும்? உங்க வீட்டு வழியா போறப்பல்லாம் பாப்பேன். பூ வேணாம்னுதான் பெட்டி மாதிரி வெட்டறீங்கன்னு நெனச்சேன்.”

அத்தான் திரும்பி நடந்திருக்கிறார். நர்சரிக்காரர் பின்னாலேயே குரல் கொடுத்திருக்கிறார். “பூவை எடுத்தா காம்பப் பிடிச்சு எடுங்க. இதழ்ல விரல் படக்கூடாது. யார் விரல் பட்டாலும் பட்ட இடம் பழுப்பாயிடும்.”

ஆக, அன்று காலை ஒன்பது மணிக்கு என் அத்தானுக்கு இரண்டு விஷயமும் தெரியும். செடி பூக்காதது ஏன் என்பது தெரியும். இதழ் ஏன் பழுப்பாகும் என்பதும் தெரியும்.

அந்த ஒரு பூவைக் காம்போடு வெட்டி, பட்டன் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்துணி விரித்து எடுத்து வந்தார். வழி முழுக்க ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். ‘தப்பு என் கத்தரியோடது, உன் கையில ஒண்ணுமில்ல.’ அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லக்கூடியது.

நான் அப்போது கட்டில் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். டப்பாவைத் திறந்தார். மருந்து நாற்றமும் பினாயில் நாற்றமும் ஒரு நொடியில் பின்னால் போய்விட்டன. ஏழாம் கட்டில்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“நம்ம செடியா?” என்றாள் அக்கா.

“நம்ம செடிதான். இன்னும் பதினாலு மொட்டு இருக்கு.” அத்தான் வாயைத் திறந்தார். வாக்கியம் அங்கேதான் இருந்தது.

அதற்குள் அக்கா சிரித்துவிட்டாள். “பாத்தீங்களா, ஆறு மாசமா என் கை படல. உங்க கை தண்ணி ஊத்துச்சு, பூத்துடுச்சு. உங்க கை ராசியான கைங்க.”

அத்தான் திறந்த வாயை மூடினார். “ம்” என்றார். பாவம், அழுகை வருகிறதாக்கும் என்று நான் நினைத்தேன்.

அக்கா பூவைக் கையில் வாங்கினாள். மூக்கருகே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இதழாகத் தடவிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு வருஷத்து ஆசை. சாயங்காலம் பார்வை நேரம் முடிவதற்குள் வெள்ளை இதழ்களில் பழுப்புப் பழுப்பாகத் தடம் விழுந்துவிட்டது. விரல் வைத்த இடம் ஒவ்வொன்றும் தெரிந்தது. அக்கா அதைத் தூக்கி எனக்குக் காட்டினாள்.

“பாத்தியாடி? இப்பவாவது நம்புறியா?”

“பூன்னா வாடாம என்ன செய்யும்? சும்மா இரு” என்றேன். நான் பெரிய விவரக்காரிபோல.

அத்தான் வார்டு மூலையில் இருந்த கைகழுவும் தொட்டியில் ஃபிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தார், எல்லாம் காதில் விழுந்தது. கழுவிய ஃபிளாஸ்க்கை மறுபடியும் கழுவினார். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு பூ கொண்டுவந்தார். அக்கா தொடவில்லை. “நீங்களே கிளாஸ்ல வைங்க” என்பாள். அவர் காம்பைப் பிடித்து வைப்பார். பூ மூன்று நாள் வெள்ளையாகவே நிற்கும், பிறகுதான் லேசாக மஞ்சளாகும். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். அவள் நம்பியதற்கு அவர் நாளுக்கு நாள் சாட்சி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அக்கா இந்தக் குழந்தைக்காக மாதக்கணக்கில் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். மூச்சைக்கூட அதற்காகத்தான் இழுத்துப் பிடித்திருக்கிறாள் என்று நர்ஸ் சொன்னாள். வார்டுக்குள் கைக்குழந்தையை விடமாட்டார்கள், கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினோம். குழந்தைக்கு இருபத்திரண்டாம் நாள், மத்தியானம் மூன்று மணி. மகள் குழந்தையைத் துணியில் சுற்றிக் கட்டிலருகே கொண்டுவந்தாள்.

“பெரியம்மா, வாங்கிக்கோங்க.”

அக்காவின் முகம் மலர்ந்தது, அதே நேரத்தில் இரண்டு கையும் போர்வைக்குள் போய்விட்டது.

“வேண்டாம்மா. முதல்ல உங்க பெரியப்பா கையில குடு. அவர் கை நல்ல கை.”

“தெம்பு இல்லையா அக்கா? நான் பிடிச்சுக்கிறேன், நீ சும்மா கைய வை, போதும்” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபம் துளியும் இல்லை. “நீதானேடி சொன்ன, நான் கை வச்சா எதுவும் விளங்காதுன்னு. செடிய வச்ச மூணாவது வருஷம். வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நின்னு சொன்ன. குழந்தை விஷயத்துல வெளையாடக் கூடாது.”

எனக்கு நினைவே இல்லை. சத்தியமாக இல்லை. நான் எல்லோரையும் அப்படித்தான் பேசுவேன், வாய் நீளம் என்று ஊரே சொல்லும். போகிற போக்கில் ஏதோ கேலியாகச் சொல்லியிருப்பேன், சொல்லிவிட்டுக் காபி குடித்திருப்பேன். ஒரு பகல், ஓர் இரவு மட்டும் பிள்ளையை வைத்திருந்தவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் அதைப் பத்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வார்டில் அப்போது அவளுக்குப் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் தொட்டிக்குப் போய் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். துண்டால் துடைத்தார். வந்து, துணிக்கட்டை வாங்குவதுபோல் இரண்டு கையையும் நேராக நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

“கிட்ட கொண்டாங்க” என்றாள் அக்கா. அவர் குனிந்தார். அவள் கழுத்தைத் தூக்கிக் குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வாசனை பிடித்தாள். “போதும்” என்றாள். போர்வைக்குள் அவள் விரல்கள் அசைந்துகொண்டே இருந்தது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும், என்னைவிடக் கிட்டத்தில் நின்றார்.

அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் அக்கா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவளுடைய பீரோவை ஒழிக்கப் போனேன். செடியில் ஏழெட்டுப் பூ இருந்தது. அத்தான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கத்தரிக்கோல் மடியில் இருந்தது, வெட்டவில்லை. நான் கேட்காமலே ஆரம்பித்தார். கூடைகூடையாகக் குப்பையில் போட்ட பிசிறு, நர்சரிக்காரர், வழியில் சொல்லிப் பார்த்த வாக்கியம், எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னார்.

“ஏன் அத்தான் சொல்லல? ஒரு வார்த்தைதானே?”

“முதல் நாள் சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள என் கை ராசின்னு சொல்லிட்டா. கல்யாணம் ஆன நாள்லேருந்து என்கிட்ட நல்லதா ஒண்ணு இருக்குன்னு அவ சொன்னதே இல்ல. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். மறுநாள் இன்னும் கஷ்டமா போச்சு.”

“குழந்தை வந்த அன்னைக்கு?”

அவர் கத்தரிக்கோலைத் திறந்து மூடினார். “அன்னைக்கு நீங்க எல்லாரும் இருந்தீங்க.”

அடிக்கத்தான் கை போனது. எங்கள் எதிரில் கௌரவம் குறைந்துவிடும் என்று, சாகப்போகிறவளைக் கையை ஒளித்துக்கொண்டு படுத்திருக்க விட்டிருக்கிறார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அதே வாய்தானே என்று தோன்றியது, மூடிக்கொண்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தோம். வாசனை தாங்க முடியவில்லை.

பிறகு நான் யாரிடமும் மறைக்கவில்லை. மகளிடம் சொன்னேன், என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன், என் பங்கையும் சேர்த்தே சொன்னேன். என் அக்கா கையில் ஒரு குறையும் இல்லை என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போனது அவள் ஒருத்திக்குத்தான்.